ஏழாவது கட்டம்

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கையில் கொடுத்த தாளின் கடைசி வரி இதுதான்: ஆறு வாரம் முழு ஓய்வு, பாரம் தூக்கக் கூடாது. ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அடுத்த கட்டிலில் இருந்தவருக்கும் அதே தாள், அதே வரி. அவர் மீன் விற்பவர். விடியற்காலையில் அன்னக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போய் உட்கார்ந்தால் மதியம்வரை எழுந்திருக்க மாட்டார். எனக்குச் செய்த அதே அறுவைதான் அவருக்கும். வயிற்றைத் திறந்து கருப்பையை எடுத்திருந்தார்கள்.

"இன்னா போட்டுருக்கு டீச்சர்?" என்று தாளை என் பக்கம் நீட்டினார். படித்துச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஆறு வாரமா? அதுவரைக்கும் யாரு தூக்குவாங்களாம்? அதப் போட்டுருக்கா?"

போட்டிருக்கவில்லை. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

அறுவை முடிந்த மறுநாள் பி.எஸ்சி. நர்சிங் மாணவி ஒருத்தி நீளமான நோட்டோடு என் கட்டிலருகே வந்து நின்றாள். "அம்மா, கேர் பிளான் ஒண்ணு எழுதணும். உங்கள கேஸா எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். வருடம் முழுக்க விடைத்தாள் திருத்துகிறவள் நான். ஒரு மாணவியின் விடைத்தாளாக நானே ஆவது புதிதாக இருந்தது. சரி என்றேன்.

பராமரிப்புத் திட்டம் என்பது என்ன என்று அன்றுதான் பார்த்தேன். பக்கத்தைக் குறுக்கே ஆறு கட்டமாகப் பிரித்திருந்தாள். முதல் கட்டத்தில் நோயாளி சொல்வதும் செவிலி பார்ப்பதும். இரண்டாவதில் அதிலிருந்து செவிலி கண்டறியும் பிரச்சினை. மூன்றாவதில் இலக்கு, நான்காவதில் செய்ய வேண்டியது, ஐந்தாவதில் அதற்கான காரணம், ஆறாவதில் விளைவு. "எப்படி இருக்கும்மா வலி?" என்று கேட்டாள். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் இருக்கிறது என்றேன். "பத்துக்கு எவ்ளோம்மா?" என்றாள். ஏழு. அவள் ஆங்கிலத்தில் ஏழு என்று எழுதினாள். ஈரத்துணி நோட்டுக்குள் போகவில்லை.

அடுத்த கட்டங்களை அவள் நிரப்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலைப்பக்கம் உயர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கிப் படுக்கவைப்பது. காரணம், வயிற்றுத் தசை தளர்ந்தால் தையலில் இழுவை குறையும். இருமும்போது தலையணையை அணைத்துப் பிடிக்கச் சொல்லித்தருவது. மூச்சை ஆழமாக இழுத்து விடவைப்பது. இல்லையென்றால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தங்கும். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்வது, முடிந்தவரை சீக்கிரம் எழுப்பி நடக்கவைப்பது. கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்க. சிறுநீர்ப் பையைப் பார்த்து அளவு குறிப்பது. மணிக்கு 30 மில்லிக்குக் கீழே போனால் உடனே சொல்ல வேண்டும்.

இதில் ஒன்றுகூட எனக்குக் கத்தி வைத்த மருத்துவர் சொன்னதில்லை. அவர் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் வந்து காயத்தைப் பார்த்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த இருபத்துநான்கு மணிநேரத்தில் நான் உயிரோடும் மானத்தோடும் இருந்தது இந்த ஆறு கட்டங்களால்தான்.

செவிலியர் இந்தக் கட்டங்களை எளிதாகப் பெற்றுவிடவில்லை. நோயைக் கண்டறிந்து பெயர் வைக்கும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே உரியது என்று நெடுங்காலம் இருந்தது. 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் செவிலியர் கூடி, தாங்கள் கண்டறிபவற்றுக்குத் தாங்களே பெயர் வைத்துப் பட்டியலிடத் தொடங்கினார்கள். 1982-இல் அது 'நான்டா' என்ற அமைப்பானது. மருத்துவரின் கண்டறிதல் உறுப்புக்கு வந்த நோயைச் சொல்லும். என் விஷயத்தில் கருப்பைக் கட்டி. செவிலியின் கண்டறிதல் அந்த நோய் இந்த மனுஷியின் உண்பதை, உறங்குவதை, நடப்பதை, பயப்படுவதை என்ன செய்கிறது என்று சொல்லும். அதற்கும் முன்பே, 1968-இல், மார்கோ மெக்காஃபரி என்ற செவிலி வலிக்கு ஒரு வரையறை தந்திருந்தார். வலிக்கிறவர் எதை வலி என்கிறாரோ அதுவே வலி, அவர் இருக்கிறது என்னும்போதெல்லாம் அது இருக்கிறது என்பது அதன் சாரம். பெண்ணின் வலியை 'பாசாங்கு' என்று தள்ளிய மருத்துவ உலகத்துக்கு முன்னால் இதைச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்?

இந்த அறிவை நம் சமூகம் அறிவு என்று அழைப்பதில்லை. அன்பு, சேவை, தாய்மை, பொறுமை என்று வேறு பெயர் வைத்திருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியாக இருந்த அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று அங்கேயே வேலை செய்த ஒருவனால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள், அதே மருத்துவமனையின் செவிலியர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை ஆண்டுகள் படுக்கையில் கிடந்த உடலில் படுக்கைப்புண் வரவில்லை. 2011-இல் உச்ச நீதிமன்றம் கருணைக்கொலைக்கான மனுவைத் தள்ளுபடி செய்தபோது அந்தச் செவிலியரை மனதாரப் பாராட்டியது. நாடே கண்கலங்கியது. ஆனால் அன்பு மட்டும் படுக்கைப்புண்ணைத் தடுக்காது. எலும்பு புடைத்த இடங்களை அறிந்து, நேரம் தவறாமல் புரட்டிப்போட்டு, ஈரத்தைத் துடைத்து, தோல் சிவப்பதைக் கண்ணால் பிடித்து, அடுத்த ஷிப்டில் வருபவரிடம் ஒப்படைத்தால்தான் தடுக்கலாம். அது பயிற்சி. அதை அன்பு என்று மட்டும் சொல்லும்போது அதற்கான கூலியையும் மதிப்பையும் ஓசையில்லாமல் கழித்துவிடுகிறோம்.

ஆகவே அந்த மாணவியின் ஆறு கட்டத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு. என் சண்டை, அந்தத் திட்டம் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது என்பதில்தான். வாசலுக்கு வெளியே 'ஓய்வு' என்று ஒரே ஒரு சொல். அந்த ஓய்வை யார் தருவார்?

பத்தொன்பது வருடத்துக்கு முன் என் அம்மாவுக்கும் இதே அறுவை நடந்தது. அவருக்கும் ஓய்வு என்று எழுதித்தான் அனுப்பினார்கள். பத்தாம் நாள் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. அம்மா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார். சில மாதத்தில் தையல் போட்ட இடத்தில் சதை பிதுங்கி, குடலிறக்கம் என்றார்கள். சாகும்வரை வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டிருந்தார். அன்று வீட்டில் அப்பா இருந்தார், அண்ணன் இருந்தான். நானும் இருந்தேன். உள்ளறையில் உட்கார்ந்து முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இயலின் தலைப்பு 'அகப்பாடல்களில் செவிலி கூற்று'.

இதை வகுப்பில் சொன்னதில்லை. இங்கே சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு நேர்மை இல்லை.

இன்று அரசு ஆணைகளில் செவிலியர் என்று எழுதுகிறோமே, அந்தச் சொல் சங்க அகமரபின் வளர்ப்புத் தாயுடையது. தலைவியைப் பாலூட்டி வளர்த்தவள் செவிலி. அவள் மகள் தோழி. அகமரபில் பேசும் உரிமை பெற்ற மாந்தரில் அவளும் ஒருத்தி. அவள் பேசும் முக்கியமான இடங்களில் ஒன்று, மணமாகிப் போன மகளின் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் சொல்வது. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் இதற்கென்றே 'செவிலி கூற்றுப் பத்து' இருக்கிறது. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது, இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. செவிலி பார்த்ததெல்லாம் அதில் இருக்கிறது: தயிர் பிசைந்த விரல், அதைத் துடைத்த ஆடை, அந்த ஆடையை மாற்ற நேரமில்லாமை, தாளிதப் புகை ஏறிய கண். பிறகு கணவன் நன்றாயிருக்கிறது என்று உண்கிறான், இவள் முகம் மெல்ல மலர்கிறது. செவிலி அந்த மலர்ச்சியை நற்றாயிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறாள்.

இல்லறத்தின் இன்பம் என்று நாம் காலங்காலமாக இந்தப் பாட்டைப் பாடம் நடத்துகிறோம். நானும் நடத்தியிருக்கிறேன். கட்டிலில் படுத்துக் கணுக்காலை ஆட்டிக்கொண்டிருந்தபோது அது எனக்கு வேறாகத் தெரிந்தது. தமிழில் எழுதப்பட்ட பழைய வீட்டுப் பார்வை அறிக்கைகளில் ஒன்று அது. முதல் கட்டம் அபாரமாக நிரப்பப்பட்டிருக்கிறது. புகை, விரல், துணி என்று ஒன்றும் விடுபடவில்லை. இரண்டாவது கட்டத்தில்தான் தவறு. கண்ணெரிச்சலைப் பார்த்த செவிலி அதைப் பிரச்சினையாக எழுதவில்லை, மகிழ்ச்சி என்று எழுதினாள். அந்தப் பழைய செவிலி சமையலறைவரை போனாள். இன்றைய டிஸ்சார்ஜ் தாள் அதுவரைகூடப் போவதில்லை.

இதை நான் பேசும்போதெல்லாம் ஒரு பதில் வருகிறது. வீட்டில் யார் என்ன வேலை செய்வது என்பது குடும்பத்தின் உள்விவகாரம், மருத்துவமனை அதில் தலையிட முடியாது என்கிறார்கள். நல்ல வேடிக்கை. எத்தனை பிள்ளை, எத்தனை கலைந்தது, கடைசித் தூரம் எப்போது, புருஷன் பெயர் என்ன, இரண்டாவது பிள்ளை பிறந்ததும் கையோடு ஆபரேஷன் செய்துகொள்கிறாயா என்று கேட்பதெல்லாம் யாருடைய உள்விவகாரம்? 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 விழுக்காடு. பெண் உடலுக்குள் நுழைய வேண்டும் என்றால் மருத்துவமனை நம் படுக்கையறைவரை வரும். ஆணின் கையில் துடைப்பத்தைக் கொடுக்க வேண்டும் என்றால்தான் அது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நிற்கிறது.

வார்டின் ஏற்பாட்டையே பாருங்கள். பெண்கள் வார்டில் துணைக்கு ஒரு பெண்தான் இருக்கலாம். ஆண்கள் பார்வை நேரத்தில் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து போவார்கள். ஆகவே பில் கட்டும் கவுண்டரில் ஆண் நிற்கிறான், கட்டிலருகே பெண் நிற்கிறாள். காயத்தை எப்படித் துடைப்பது, எந்த மாத்திரை எப்போது, எந்த அறிகுறி வந்தால் ஓடிவர வேண்டும் என்பதையெல்லாம் செவிலியர் துணைக்கிருக்கும் பெண்ணிடம்தான் சொல்கிறார்கள். பராமரிக்கத் தெரிந்தவள் பெண், தெரியாதவன் ஆண் என்பது இயற்கை இல்லை. இப்படித்தான் ஒவ்வொரு வார்டிலும் அது தினமும் தயாராகிறது.

இரண்டாவது பதிலை நான் மதிக்கிறேன். அது செவிலியருடையது. எங்களுக்கு எங்கே நேரம் என்கிறார்கள். உண்மை. பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலி என்று அரசு விதிமுறை இருக்கிறது. நான் படுத்திருந்த வார்டில் இரவில் முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர். அவர்களில் ஒருவர் பாதி இரவு கணினியில் எதையோ பதிவேற்றிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் 2015-இல் போட்டித் தேர்வு எழுதி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான செவிலியருக்கு அப்போது மாதத் தொகுப்பூதியம் 7,700 ரூபாயாக இருந்தது. 2017 நவம்பரில் பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தபோது, நோயாளிகளை விட்டுவிட்டு வரலாமா, இது சேவை அல்லவா என்று கேட்டவர்கள்தான் அதிகம். உயர் நீதிமன்றம் போராட்டத்துக்குத் தடை விதித்தது. மேற்சாதிக் குடும்பங்கள் மலமும் ரத்தமும் தீட்டு என்று ஒதுங்கிக்கொண்ட வேலை இது. கிறித்தவப் பெண்களும் கைம்பெண்களும் முதலில் துணிந்து வந்த வேலை. வீட்டில் ஒருத்தி இலவசமாகச் செய்வதால்தான் வார்டில் இன்னொருத்திக்கு 7,700 ரூபாய் போதும் என்று தோன்றியது. இரண்டும் ஒரே களவு. அதனால்தான் செவிலியின் ஊதியமும் நோயாளியின் ஓய்வும் ஒரே கோரிக்கை என்கிறேன்.

நான்காம் நாள் மாணவி கடைசியாக வந்தபோது கேட்டேன்: "ஏம்மா, இதுல ஏழாவதா ஒரு கட்டம் போடேன். 'வீட்டில் இதை யார் செய்வார்'னு."

"புக்ல ஆறுதாம்மா," என்றாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பையிலிருந்து தடிமனான புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். "ஆனா இது இருக்கும்மா," என்று காட்டினாள். 'கேர்கிவர் ரோல் ஸ்ட்ரெயின்' என்று ஒரு கண்டறிதல் அந்தப் புத்தகத்தில் இருந்த நான்டா பட்டியலிலேயே இருந்தது. தமிழில் பராமரிப்பவரின் பாரம் எனலாம். அதே புத்தகத்தில் 'இம்பேர்டு ஹோம் மெயின்டனன்ஸ்' என்று இன்னொன்றும் இருந்தது. வீட்டைப் பேண முடியாத நிலை. பெண் வீட்டுவேலை செய்ய முடியாமல் போவதற்கு மருத்துவப் பெயர் இருக்கிறது. வாழ்நாள் முழுக்கச் செய்யாமலே இருக்கும் ஆணுக்கு எந்தப் பெயரும் இல்லை.

"அப்ப இத எழுதலாமே?"

"போஸ்ட்-ஆப்னா மொதல்ல வலி, அப்புறம் இன்ஃபெக்ஷன், அப்புறம் நடமாட்டம்மா. இதெல்லாம் ரொம்ப நாள் படுக்கையில இருக்கறவங்களுக்குத்தான் எழுதுவோம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எங்க அம்மாவுக்கு எழுதலாம்மா, ஆனா அவங்க எங்கயும் அட்மிட் ஆகல," என்றாள்.

2019-இல் இந்தியா முழுக்க எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 விழுக்காட்டினர் ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிறார்கள். செய்பவர்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களில் செய்பவர்களே 26.1 விழுக்காடு, அவர்களும் 97 நிமிடம். ஐந்து மணிநேர வேலை ஆறு வாரத்துக்கு யாருக்குப் போகும் என்று சொல்லாமல் ஓய்வு என்று எழுதுவது, கையில் காசு இல்லாதவரிடம் பால், பழம், முட்டை சாப்பிடு என்று எழுதிக்கொடுப்பதைப் போன்றது.

வீட்டுக்கு வந்ததும் நானே ஏழாவது கட்டத்தை வரைந்தேன். பெரிய தாளில் வேலைகளை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தண்ணீர்க் கேன், ஏறக்குறைய 30 கிலோ எடையுள்ள கேஸ் சிலிண்டர், கிரைண்டர் குழவி, ஈரத்துணி வாளி, குக்கர். ஒவ்வொன்றுக்கும் எதிரே கணவர் பெயர் அல்லது மகன் பெயர். முதல் வாரம் சரியாகவே போனது. சாம்பாரில் உப்பு கூடியது, யாரும் சாகவில்லை. இரண்டாம் வாரம் "பசங்க எப்படிச் சமாளிப்பாங்க" என்று சொல்லிக்கொண்டு மாமியார் பஸ் பிடித்து வந்துவிட்டார். எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். மூன்றாம் நாள் பார்த்தால் தாளில் பெயர்கள் அப்படியே இருந்தன. வேலை முழுவதும் அவரிடம் போயிருந்தது. நான் எழுந்து கத்தினேன். "நீ படும்மா, தையல் பிரிஞ்சிடப் போவுது," என்றார் அவர்.

எட்டாம் வாரம் பெரிய மார்க்கெட்டில் மீன்காரரைப் பார்த்தேன். நான்காம் வாரத்திலிருந்தே வருகிறாராம். "கூடைய நான் தூக்கல டீச்சர்," என்றார் பெருமையாக. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவர் மகள் நின்றாள். பதினொன்றாம் வகுப்பு. விடிகாலை கூடை தூக்கிவந்து இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். முதல் பீரியட் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஏழாவது கட்டத்தைக் காலியாக விட்டால் அது தானாக நிரம்பும். மாமியாராலும் மகளாலும் நிரம்பும். அதனால் நான் கேட்பது 'யார் செய்வார்' என்ற கேள்வியை மட்டும் இல்லை. எழுதப்படும் பெயர் இன்னொரு பெண்ணின் பெயராக இருந்தால் அடுத்த வரியில் 'அவளுக்கு யார்' என்று கேட்க வேண்டும். வீட்டில் வளர்ந்த ஆண் இருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன் அவனை உள்ளே கூப்பிட்டு, காயம் துடைப்பதையும் பாரத்தின் எடையையும் அவனுக்குக் கற்றுத்தந்து, அவன் கையெழுத்தை வாங்க வேண்டும். பில்லுக்குக் கையெழுத்து வாங்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு இது கஷ்டமில்லை. ஆணே இல்லாத வீடுகளுக்கும், கூடையைத் தூக்காவிட்டால் உலை கொதிக்காத வீடுகளுக்கும் அந்த ஆறு வாரக் கூலியை அரசு தர வேண்டும். இத்தனையும் தமிழில், ஈரத்துணியும் உள்ளே வருகிற தமிழில், எழுதப்பட வேண்டும். எழுதும் செவிலிக்கு அதற்கான நேரமும் நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் நர்சிங் படிப்பவர்கள் இருப்பீர்கள். உங்கள் நோட்டில் பக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு கூடுதலாகப் போடுங்கள். மதிப்பெண் குறைத்தால் ஏன் என்று கேளுங்கள். மற்றவர்கள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ துணையாக வார்டில் நிற்கும் நாள் வரும். அப்போது உள்ளறையில் உட்கார்ந்து செவிலி கூற்று எழுதிக்கொண்டிருக்காதீர்கள். அண்ணனை எழுப்பிக் குடத்தைக் கொடுங்கள்.